வீட்டுப் பட்டறையில் டேப்பும் டையும்

துளைக்குள் மரை வெட்டும் டேப், கம்பியின் மேல் மரை வெட்டும் டை இரண்டையும் கடையில் போய்க் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது நாற்பது உருப்படி கொண்ட பெட்டியைத்தான். எம் 3 முதல் எம் 12 வரை எல்லாம் இருக்கும், பிடிகள் இருக்கும், பல் அளக்கும் கேஜ்கூட இருக்கும். இத்தனையும் சேர்த்து விலை இவ்வளவுதானா என்று கை தானாகப் பர்ஸுக்குப் போகும். வாங்க வேண்டாம். அந்தப் பெட்டியில் பாதி அளவுகள் உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாது. தேவைப்படும் அளவிலோ மூன்று டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். விலை மலிவான பெட்டிகளில் உருக்கும் மட்டம், முனையும் மழுங்கல். அப்படிப்பட்ட டேப் துளைக்குள் முறிந்தால் நட்டம் டேப்போடு நிற்பதில்லை. அது சிக்கிக்கொண்ட எஞ்சின் மூடியோ பம்பு உறையோ அதோடு சேர்ந்து போகும். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, மூன்று நான்கு அளவுகளில் மட்டும் தரமான டேப் செட், அவற்றுக்குரிய ட்ரில் பிட், ஒரு நல்ல பிடி என்று வாங்கிவிட்டால் வீட்டு வேலைகளில் பெரும்பங்கு அதிலேயே முடிந்துவிடும்.

எந்த மூன்று நான்கு அளவுகள் என்பதை உங்கள் வீட்டில் இருக்கும் பொருள்களே சொல்லும். பைக், ஸ்கூட்டர், கார், மிக்ஸி, புதிய இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை. எம் எழுத்தை ஒட்டி வரும் எண் மரையின் விட்டம், மில்லிமீட்டரில். இரு சக்கர வண்டியின் எஞ்சினில் அலுமினிய மூடிகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் மிகப் பரவலானது எம் 6. அதற்கடுத்து எம் 8, பிறகு எம் 5, எம் 10. கிரில், கேட், பழைய மோட்டார் பம்பு, தறி, மாவரைக்கும் இயந்திரம் என்று வந்தால் கதை வேறு. அங்கே இன்னும் அங்குல மரைதான் ஆள்கிறது. எடைக்கும் அளவுக்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஹார்டுவேர் கடையில் 'மூணு நூல் போல்ட்' என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருகிறார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆக மூன்று நூல் என்றால் 3/8 அங்குலம், நான்கு நூல் என்றால் அரை அங்குலம்.

இந்த அங்குல மரையை வகுத்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1841இல் அவர் முன்வைத்த அளவுகள்தான் பிஎஸ்டபிள்யூ என்ற பெயரில் இன்றும் நம் கடைகளில் கிடக்கின்றன. அவருடைய மரையின் பல் 55 பாகைக் கோணம் கொண்டது. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக்கு மாற்றினார். இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகைதான். கோணமும் பல் இடைவெளியும் வேறான இரண்டு மரைகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதில்தான் ஆபத்தே இருக்கிறது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; எம் 8 போல்ட்டோடு சேர்த்து வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் எம் 8இன் பல் இடைவெளி 1.25 மி.மீ., 5/16 பிஎஸ்டபிள்யூவில் அங்குலத்துக்கு 18 பல், அதாவது 1.41 மி.மீ. ஒன்றை மற்றதில் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்று நினைத்து ஸ்பானர் போட்டு முறுக்கினால் இரண்டு மரையும் போச்சு. எம் 10க்கும் 3/8க்கும், எம் 12க்கும் அரை அங்குலத்துக்கும் இதே தொல்லைதான்.

எனவே டேப்புக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு பிட்ச் கேஜும் ஒரு வெர்னியரும். போல்ட்டின் வெளிவிட்டத்தை வெர்னியரில் பாருங்கள். பிறகு கேஜின் இலைகளை ஒவ்வொன்றாகப் பல்லில் பதித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சரியான இலை இடைவெளி தெரியாமல் படிந்து உட்காரும். தவறான இலை இரண்டு பல்லில் உட்கார்ந்து மூன்றாவதில் ஏறி நிற்கும். கேஜ் இல்லாதபோது அளவு தெரிந்த புது நட் ஒன்றைக் கையால் ஏற்றிப் பார்ப்பதும் நம்பகமான வழிதான். நட் முழுவதும் கையாலேயே ஓட வேண்டும். கால் அங்குலத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிஎஸ்டபிள்யூவிலும் அமெரிக்க யுஎன்சியிலும் அங்குலத்துக்கு 20 பல்தான் என்பதால் ஒன்று மற்றதில் ஏறிவிடும். கேமரா முக்காலியின் திருகுக்கு நம்மூர் இரண்டு நூல் நட் பொருந்துவது இதனால்தான். அரை அங்குலத்தில் இது நடக்காது; அங்கே 12 பல்லுக்கும் 13 பல்லுக்கும் ஒத்துவராது.

இனி டேப். கையால் வெட்டும் டேப் மூன்று கொண்ட செட்டாக வரும். முதல் டேப்பின் நுனி நீளமாகச் சரிந்திருக்கும், இரண்டாவதில் சரிவு குறைவு, மூன்றாவதில் ஒன்றிரண்டு பல்லுக்குத்தான் சரிவு. சில செட்டுகளில் தண்டின் மேல் வளையக் கோடு போட்டிருப்பார்கள்: முதல் டேப்புக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு, கடைசி டேப்புக்குக் கோடே இராது. இந்த வகையில் முதல் இரண்டும் பருமனிலேயே சற்றுக் குறைந்தவை. முழு மரையை வெட்டுவது மூன்றாவது மட்டுமே. முதல் டேப்பை மட்டும் ஓட்டிவிட்டு, போல்ட் ஏறவில்லையே என்று போல்ட்டைக் குறை சொல்பவர்கள் பலர். கோடு இல்லாத செட்டுகளில் மூன்றுக்கும் ஒரே பருமன், நுனிச் சரிவு மட்டும் வேறு. மறுபக்கம் திறந்த துளையாக இருந்தால் முதல் டேப்பே முழு வேலையையும் முடித்துவிடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று வெர்னியரில் அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப் வாங்குங்கள். கையால் மெதுவாக வெட்டும்போது சூடு பெரிதாக ஏறாது, ஆகவே நல்ல கார்பன் உருக்கு டேப்பாலும் வேலை நடக்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல கார்பன் உருக்கு டேப் இப்போது கடையில் கிடைப்பது அரிது. அந்தப் பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் மலிவுச் சரக்கு. சென்னையின் ஆடிசன், டோட்டம் போன்ற பெயர்கள் பட்டறைக்காரர்களுக்குப் பழகியவை. எந்தப் பெயராக இருந்தாலும் வாங்கும்போது பல்லின் ஓரத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். தீட்டி முடித்த டேப்பில் ஓரம் நகத்தைச் சுரண்டும், பள்ளத்தின் உட்பக்கம் வழவழப்பாக இருக்கும். கறுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிடியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். எம் 6 வரைக்கும் சிறிய டி வடிவப் பிடி, அதற்கு மேல் இரண்டு கையாலும் பிடிக்கும் நீளப் பிடி. ஒரே நீளப் பிடியால் எல்லா அளவையும் ஓட்ட முயல்வதுதான் சின்ன டேப்புகள் முறிவதற்குப் பெரிய காரணம். நீளமான கைப்பிடியில் எம் 4 டேப்பைப் போட்டால் அது முறியப் போகிறது என்ற சேதியே கைக்கு வந்து சேராது. ஸ்பானரை வைத்து ஒரு பக்கமாகத் திருப்புவது இன்னும் மோசம். டேப் சாயும், பிறகு ஒடியும்.

மரை வெட்டுவதில் பாதிக்கு மேல் துளையில் அடங்கியிருக்கிறது. மெட்ரிக்கில் கணக்கு எளிது: விட்டத்திலிருந்து பல் இடைவெளியைக் கழியுங்கள். எம் 6இல் இடைவெளி 1, எனவே துளை 5 மி.மீ. எம் 3க்கு 2.5, எம் 4க்கு 3.3, எம் 5க்கு 4.2, எம் 8க்கு 6.8, எம் 10க்கு 8.5, எம் 12க்கு 10.2. அங்குல மரையில் இரண்டு நூலுக்கு 5.1 மி.மீ., 5/16க்கு 6.5, மூன்று நூலுக்கு 7.9, நான்கு நூலுக்கு 10.5.

இந்த எண்களைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும் ட்ரில் பிட் செட் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தாவலில் ஏறும்: 6, 6.5, 7. அதில் 6.8 கிடையாது, 4.2 கிடையாது, 3.3 கிடையாது. அவசரத்துக்கு எம் 8க்கு 6.5 போட்டுவிட்டு டேப்பை இறக்குகிறவர்கள் டேப் முறிந்தபின் டேப்பின் தரத்தைத் திட்டுகிறார்கள். டேப் செட் வாங்கும்போதே அதற்குரிய பிட்டையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எல்லாப் பிட்டும் சில்லறையில் கிடைக்கும். அப்படியும் 6.8 கிடைக்காத நாளில் 6.5 பக்கம் போகாமல் 7 போடுங்கள். மரையின் ஆழம் முக்கால் பங்கிலிருந்து அறுபது சதவீதத்துக்குச் சற்று மேலே இறங்கும், அவ்வளவுதான். கனமான தகட்டில், அதிகப் பளு வராத வேலைக்கு அது தாராளமாகப் போதும். காரணம் எளியது. எம் 6 நட்டின் உயரமே சுமார் 5 மி.மீ.தான், அந்த உயரத்துக்குள் இருக்கும் பல்தான் போல்ட்டின் முழுப் பளுவையும் தாங்குகிறது. நீங்கள் 10 மி.மீ. கனப் பட்டையில் வெட்டினால் அதைப்போல இரு மடங்கு பல் கிடைக்கிறது. போல்ட் அறுந்துபோகும், மரை கழலாது. துளையைச் சிறிதாக்கினால் கிடைக்கும் கூடுதல் பலம் மிகச் சொற்பம். டேப்பைத் திருப்பத் தேவைப்படும் முறுக்கோ மளமளவென்று ஏறுகிறது. அலுமினியத்தில் பல் மென்மையாக இருப்பதால் அங்கே கனத்தைக் கூட்டுங்கள்: போல்ட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மரை இருக்கட்டும்.

ஒரு வேலையை முழுக்கச் செய்து பார்ப்போம். 10 மி.மீ. கன இரும்புப் பட்டையில் எம் 6 மரை. இடத்தைக் கீறிக் குறித்து சென்டர் பஞ்ச் அடியுங்கள். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ. துளை நேராக இருக்க வேண்டும். துளை சாய்ந்தால் டேப்பும் அதே சாய்வில்தான் போகும். 8 அல்லது 10 மி.மீ. பிட்டை எடுத்துத் துளையின் வாயில் வைத்து, வாய் 6 மி.மீ.க்குச் சற்று அகலும் வரை லேசாகச் சீவுங்கள். இந்தச் சரிவு டேப் நேராக உட்கார உதவும். முதல் பல் மேலே பிதுங்கி, மேலே பொருத்தும் பாகத்தை உட்காரவிடாமல் செய்யும் தொல்லையும் இராது. பட்டையை வைஸில் மட்டமாகப் பிடியுங்கள். துளையிலும் டேப்பிலும் கட்டிங் ஆயில் விடுங்கள்.

முதல் டேப்பைத் துளையில் நிறுத்தி, பிடியின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வலப்பக்கம் இரண்டு சுற்று திருப்புங்கள். இப்போது பிடியைக் கழற்றிவிட்டு மூலை மட்டத்தை டேப்பின் அருகில் வையுங்கள். ஒரு பக்கம் பார்த்தபின் கால் வட்டம் தள்ளி இன்னொரு பக்கமும் பாருங்கள். சாய்வு இருந்தால் அதைத் திருத்த வேண்டிய நேரம் இதுதான். எதிர்ப்பக்கம் லேசாக அழுத்தம் கொடுத்தபடி திருப்பினால் நிமிரும். ஐந்தாறு பல் இறங்கியபிறகு நிமிர்த்தப் பார்த்தால் டேப்தான் ஒடியும். டேப் பிடித்துக்கொண்டபின் அழுத்த வேண்டியதில்லை, அது தன் மரையிலேயே தன்னை இழுத்துக்கொண்டு இறங்கும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது 'டக்' என்று ஒன்று விடுபடுவது விரலுக்குத் தெரியும். சீவல் முறிகிற இடம் அது. அந்த டக் கிடைக்கும்வரை பின்னால் திருப்புங்கள், கிடைத்ததும் முன்னால் போங்கள்.

கைக்கு வரும் இன்னொரு சேதியைக் கவனிக்கப் பழகுங்கள். பிடி நகர்கிறது, ஆனால் டேப் வெட்டவில்லை. கையை விட்டால் பிடி தானாகப் பின்னால் துள்ளி வருகிறது. டேப் வெட்டாமல் தன் உடம்பையே முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வழிவிடும் என்று அப்போது தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல் டேப்பை முழுக்க வெளியே எடுத்து, பிரஷால் சீவலைத் துடைத்து, துளையைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு மீண்டும் தொடங்குங்கள்.

நேராகப் பிடிப்பது கைவராத ஆரம்ப நாள்களில் ஒரு சின்னத் துணை செய்துகொள்ளலாம். 20 மி.மீ. கன இரும்புத் துண்டில், டிரில்லிங் மெஷினில் வைத்து நேராக 6 மி.மீ. துளை போட்டு வைத்துக்கொண்டால் அதுவே எம் 6 டேப்புக்கு வழிகாட்டும் கட்டை. வேலையின் மேல் அதை வைத்துப் பிடித்து, அதன் வழியாக டேப்பை இறக்க வேண்டியதுதான். டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் சக்கிலேயே டேப்பைப் பிடித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கைக் கையால் திருப்பி முதல் நான்கைந்து பல்லை வெட்டிக்கொள்ளலாம். மோட்டாரைப் போட்டு டேப் ஓட்டும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

அடி மூடிய துளையில் சீவலுக்குப் போக்கிடம் கிடையாது. தேவையான மரை ஆழத்தைவிட நாலைந்து பல் அளவு கூடுதலாகத் துளை போடுங்கள், டேப்பில் ஆழத்துக்கு ஒட்டும் நாடாவைச் சுற்றி அடையாளம் வையுங்கள், அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். எந்த வகைச் செட்டானாலும் மூன்று டேப்பும் தேவைப்படுவது இங்கேதான்.

எண்ணெய் விஷயத்தில் உலோகத்துக்கு உலோகம் பழக்கம் மாறும். இரும்புக்குக் கட்டிங் ஆயில். எஞ்சின் ஆயில் இல்லாததற்கு ஒன்று. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போல நீர்த்த எண்ணெய் நல்லது, சீவல் டேப்பில் அப்பாமல் வரும். வார்ப்பிரும்பும் பித்தளையும் உலர்வாகவே வெட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் பொல்லாதது. வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் உரசின இடம் கெட்டிப்பட்டுவிடும். கூரான டேப், நிறையக் கட்டிங் ஆயில், எம் 6க்கு 5க்குப் பதில் 5.1 மி.மீ. துளை என்று வைத்துக்கொண்டு, தயங்காமல் ஒரே சீராகத் திருப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு டேப் முறியலாம். அலுமினியத்திலோ பித்தளையிலோ முறிந்தால் பதற வேண்டாம், படிகாரம் இருக்கிறது. கண்ணாடிப் பாத்திரத்தில் சூடான நீரில் கரையும் அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்து, முறிந்த டேப்போடு அந்த உதிரியை அதில் முழுக்க வையுங்கள். உருக்கிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பும். நீர் சூடாகவே இருந்தால் வேலை வேகமாக நடக்கும். துண்டின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் ஆகலாம். கடைசியில் டேப் கறுத்து, ஊசியால் குத்தினால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அலுமினியத்தின் மேல்தோல் சற்று மங்கலாம், மரை கெடாது. உதிரியில் பேரிங், இரும்பு ஸ்டட் ஏதாவது இருந்தால் முன்னதாகக் கழற்றிவிடுங்கள், படிகாரம் அவற்றையும் தின்றுவிடும். எழும்புவது ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். இரும்பு உதிரியில் முறிந்தால் இந்த வழி உதவாது. கோவை, அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் பட்டறைகள் உண்டு, அங்கே கொடுத்து எடுப்பதே மேல்.

டையைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. கம்பியின் மேல் மரை வெட்டும் வேலையைவிட, கடையில் கிடைக்கும் முழு நீள மரைக் கம்பியை வெட்டிக்கொள்வது பல நேரங்களில் மலிவு. தேவைப்படும்போது ஒரு பக்கம் பிளந்த வட்ட டையை வாங்குங்கள். டைப் பிடியில் மூன்று திருகுகள் இருக்கும். நடுவில் இருப்பது டையின் பிளவை விரிக்கும், பக்கத்துத் திருகுகள் இறுக்கும். முதல் ஓட்டத்துக்கு விரித்து வைத்து வெட்டி, நட்டை ஏற்றிப் பார்த்து, வேண்டிய அளவுக்கு இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். கம்பி எம் 8க்கு 7.8 முதல் 7.9 மி.மீ. வரை இருந்தால் டை இலகுவாக இறங்கும். நுனியை அரத்தால் சுற்றிலும் சரித்துவிட்டு, டையில் எழுத்துப் பொறித்த பக்கம் கம்பியை நோக்கியிருக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். டை வாங்கும்போது அதன் வெளிவிட்டத்தையும் கேளுங்கள். 1 அங்குல டைக்கும் 25 மி.மீ. டைக்கும் 0.4 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் பிடியில் மற்றது நிற்காது. அறுகோண வடிவில் வரும் டை நட் அடிபட்ட பழைய மரையைச் சீர்செய்ய மட்டும். ஸ்பானர் போட்டுத் திருப்பலாம் என்பதால் வண்டிக்கு அடியில் கை நுழையாத இடத்தில் அது பெரிய உதவி. புதுக் கம்பியில் அதை ஓட்ட முயன்றால் கம்பியும் கெடும், டை நட்டும் கெடும்.

சைக்கிள் பெடலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அது 9/16 அங்குலம், 20 பல். இடது பக்கப் பெடலில் மரையும் இடது மரை. வலது டேப்பை அதில் விட்டால் கிராங்கையே மாற்ற வேண்டிவரும். தண்ணீர்க் குழாய் மரையைத் தொடாதீர்கள். அரை அங்குலக் குழாய் என்கிறோமே, அதன் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ.; அதற்குரிய டை செட்டும் சங்கிலி வைஸும் பிளம்பரிடம் இருக்கின்றன, வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டேப்பைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று மோதி முனை பொடிந்துவிடும். மூன்று டேப்பையும் அதற்குரிய ட்ரில் பிட்டையும் ஒரே பிளாஸ்டிக் குழாயில் சேர்த்து வைத்து, மூடியின் மேல் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள்: எம் 8, இடைவெளி 1.25, துளை 6.8.